பாட்டு முடியும்வரை என்னவன்

மார்வாவும் கிளென்ராயும் சேர்ந்து பாடிய பாட்டு கடைக்கு வந்த அதே வாரத்தில் அவர்கள் பிரிந்தார்கள். பாட்டு ஓடியது. அதுதான் வினையாகப் போயிற்று. ஓடாமல் போயிருந்தால் ஆளுக்கொரு பக்கம் போய் அழுது தீர்த்திருக்கலாம்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். தெற்கு லண்டனில், நியூ கிராஸிலிருந்து லூவிஷம் வரைக்கும், எந்த ஜன்னல் திறந்திருந்தாலும் உள்ளேயிருந்து பேஸ் கிதாரின் ஓசை தெருவுக்கு இறங்கி வரும். பையன்கள் ஜமைக்காவிலிருந்து வருகிற கோபக்கார ரெகே பாட்டுகளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பெண்களுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. தங்கள் வயசில், தங்கள் தெருவில், ஒருத்தி ஒருவனை நினைத்து உருகுகிற பாட்டு. தாளம் அதே ரெகேதான், ஆனால் அவசரமில்லாத, தோளில் சாய்ந்துகொள்கிற தாளம். அதற்கு லவ்வர்ஸ் ராக் என்று பெயர் விழுந்திருந்தது. அந்தப் பாட்டு வந்துவிட்டால் ஜோடிகள் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்வார்கள். நின்ற இடத்தை விட்டு ஓரடி நகராமல் ஒரு பாட்டு முழுக்க ஆடி முடிப்பார்கள்.

மார்வா ஒரு அலுவலகத்தில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். அவள் குரலைக் கேட்டு மயங்கி நேரில் வந்தவர்கள், மூக்குக் கண்ணாடியும் ஒல்லி உடம்புமாக உட்கார்ந்திருக்கிற இந்தக் கறுப்புப் பெண்தான் தங்களிடம் பேசியவள் என்று நம்பமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஐசில்டாவோடு பிராக்லி கிறிஸ்தவ சபையில் பாடுவாள். மற்ற நாட்களில் குளிக்கும்போது பாடுவாள். அவ்வளவுதான் அவள் சங்கீதம், கிளென்ராயைப் பார்க்கும்வரை.

கிளென்ராய் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் ஒரு துளி வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். உயரமானவன், முன்பல்லில் இடைவெளி. தானே பாட்டுக் கட்டுவான். சபைக் கல்யாணம் ஒன்றில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ பாடினதுல எனக்கு சோறு இறங்கல" என்றான். மார்வா அன்றைக்கே விழுந்துவிட்டாள்.

அவன் கட்டிய பாட்டுக்கு 'கதவு சாத்தலை' என்று பெயர். தப்புச் செய்துவிட்டு வந்த ஒருவன் வாசலில் நின்று கெஞ்சுவான்: மழையில நிக்கிறேன், மன்னிச்சிரு. உள்ளேயிருந்து அவள் பதில் சொல்வாள்: கதவு சாத்தலை, காத்துதான் அடைச்சிருக்கு, தள்ளிப் பாரு. சின்னப் பாட்டு. அதைப் பதிவு செய்தவர் ரூபன். லூவிஷம் சாலையில் முன்பக்கம் ரெக்கார்டுக் கடை, கீழே நிலவறையில் ஸ்டூடியோ என்று வைத்திருந்தவர். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். மேலே சாலையில் பஸ் போனால் நிலவறை அதிரும். எல்லாரும் அப்படியே மூச்சடக்கி நின்று, அது போனபின் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

"கிட்ட நில்லுங்கப்பா, மைக் ஒண்ணுதான் இருக்கு" என்றார் ரூபன். "கட்டிக்கப் போறவங்கதானே? என்ன வெக்கம்?"

கிட்டத்தில் நின்றார்கள். அவன் மூச்சில் பெப்பர்மின்ட் மிட்டாய் மணத்தது. அவன் அவளையே பார்த்துப் பாடினான். அவள் கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் அவன் முகம் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. அந்தக் கலங்கல் முகத்தைப் பார்த்துக் 'கதவு சாத்தலை' என்று அவள் பாடியபோது, வாசிப்பதை நிறுத்திய பிறகும் டிரம்காரன் குச்சிகளைக் கீழே வைக்கவில்லை. இனி தன் வாழ்க்கையில் வேண்டியது ஒன்றுமில்லை என்று மார்வா நினைத்தாள்.

டாரெட் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. சிகையலங்காரக் கடையில் வேலை. சனிக்கிழமைதோறும் மார்வா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் முடியைப் பின்னிவிடுவது அவள்தான். வாயாடி. பாட்டு கடைக்கு வந்த வாரம், துணி துவைக்கிற கடையில் இரண்டு பேரும் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. அன்றைக்கு வாயாடி பேசவேயில்லை.

"என்னடி, நாக்கைத் தொலைச்சுட்டியா?"

"மார்வா, நான் முழுகாம இருக்கேன்."

"ஐயோ, ஆண்டவரே! உங்கம்மா கொன்னுருவாங்களேடி. யாரு?"

டாரெட் போர்வையின் முனைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்ததும் மார்வாவுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லாதே" என்றாள். "பேரைச் சொல்லாதே."

"ஒரு தடவைதான்னு பொய் சொல்லமாட்டேன். நான் உனக்குச் செஞ்சது..."

"போர்வையைக் கீழே விட்டுறாதே. தரை அழுக்கு."

முனைகளைச் சேர்க்க மார்வா நடந்து போனாள். தோழியின் கையிலிருந்த முனைகளைத் தன் முனைகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள். மறுபடி ஒரு தரம் மடித்தாள். பையில் வைத்தாள். வீடு வரைக்கும் நடந்தாள். குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கிளென்ராய் மறுநாள் வந்தான். பிளாஸ்டிக் உறை போட்ட முன்னறை சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் திருகினான். தப்பு தன்னுடையதுதான் என்றான், டாரெட்டைக் கைவிட முடியாது என்றான். இரண்டும் சரிதான். மார்வா காத்திருந்தாள். தன்னைப் பற்றி ஏதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

"பாட்டை என்ன பண்றது மார்வா?" என்றான் அவன்.

பாட்டை என்ன பண்றது என்று ரூபனுக்குத் தெரிந்திருந்தது. கடை வாசலில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். பர்மிங்ஹாம், பிரிஸ்டல், லீட்ஸ் என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள். எல்லாருக்கும் அந்த ஜோடியை நேரில் பார்க்க வேண்டும்.

"உங்களுக்குள்ள என்னவோ இருக்கட்டும்மா, நான் கேக்கமாட்டேன்" என்றார் ரூபன். "மேடையில மட்டும் ஜோடி. முடியாதுன்னா சொல்லிரு, நான் வருத்தப்படமாட்டேன். அதாவது, வருத்தப்படுவேன். ஆனா வெளியில காட்டிக்கமாட்டேன்."

"பாடுறேன் மிஸ்டர் ரூபன்" என்றாள் மார்வா உடனே.

எவ்வளவு நெஞ்சுரம் இந்தப் பெண்ணுக்கு என்று பாண்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நெஞ்சுரமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரமாவது தன் கையைப் பிடிப்பான் என்றால் அது அந்தப் பாட்டுக்குள்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியேதான் நடந்தது. இரண்டாவது அடியில் அவன் கையை நீட்டுவான். அவள் விரலைக் கொடுப்பாள். மெதுவாக இழுத்து எதிரே நிறுத்திக்கொள்வான். அவள் இப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றுவதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தாள். கலங்கலாகத் தெரிந்த அந்த முகம் பழைய முகமாகவே இருந்தது. கீழே ஜோடிகள் இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொள்வார்கள். 'தள்ளிப் பாரு' என்று அவள் இறங்கிப் பாடும்போது எங்கிருந்தாவது ஒரு பெண் கத்துவாள், "சொல்லுடி தங்கச்சி!" விளக்கு அணைந்ததும் அவன் கை விலகிவிடும். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வான். வேனில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். அவள் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே.

ஒப்பனை அறைக்குள் பெண்கள் வந்து மொய்ப்பார்கள்.

"அக்கா, கல்யாணம் எப்போ?"

"பாக்கலாம்."

"அவர் நெசமாவே உங்ககிட்ட அப்படித்தான் கெஞ்சுவாரா?"

"போங்கடி, வேலையைப் பாருங்க" என்று மார்வா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அந்த நேரத்தில் அவளே நம்பிவிட்டிருப்பாள்.

அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. ஐசில்டா அதிகம் பேசாத பெண்மணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறும் பயறும் பரிமாறிக்கொண்டே, மகள் சீக்கிரம் கிளம்பப் பரபரப்பதைப் பார்த்தாள்.

"நீ பாடப் போறியா, பிச்சை எடுக்கப் போறியா?"

"மம்மா!"

"கேட்டேன். கோழி இன்னொரு துண்டு போட்டுக்கோ."

வசந்தத்தில் டாரெட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளும் கிளென்ராயும் பெக்கமில் ஒரே ஒரு அறை எடுத்துக் குடியிருந்தார்கள். மார்வா போய்ப் பார்க்கவில்லை. அம்மா பின்னிய கம்பளிக் காலுறையைச் சபையில் யாரிடமோ கொடுத்தனுப்பினாள். எனவே ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அலுவலக வாசலில் குழந்தை வண்டியோடு டாரெட் நின்றிருந்ததைக் கண்டதும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் டாரெட் இளைத்துப்போயிருந்தாள். ஊருக்கெல்லாம் முடி பின்னுகிறவளின் தலை பின்னாமல் துணியால் கட்டியிருந்தது. இரண்டு பேரும் எதிர்ப் பூங்காவில் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மார்வா தன் சீஸ் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை லூவிஷம் ஹாலுக்கு வந்தேன்" என்றாள் டாரெட். "பின்னாடி நின்னேன். அவர்கிட்ட சொல்லல."

"ம்."

"அவர் உன்னைப் பாக்குற பார்வையைப் பாத்தேன். என்னை அவர் ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்ல மார்வா. நல்லாத்தான் வச்சிருக்கார், இல்லேங்கல. தொட்டில் செஞ்சார். சுவருக்கு மஞ்சள் அடிச்சார். ஆனா அந்தப் பார்வை..." ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "மனசு உன்கிட்ட இருக்கிறவனைக் கட்டிப்போட்டு நான் என்ன பண்ணப்போறேன்? எங்க அக்கா லீட்ஸ்ல இருக்கா, வந்துருன்னு சொல்றா. போயிரட்டுமா? நீ உண்மையைச் சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன்."

மார்வா குழந்தையைக் குனிந்து பார்த்தாள். தூக்கத்தில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அலுவலகப் படியேறும்போது கால் தரையில் பாவவில்லை. தோழி அழுதுகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தனக்கு இப்படி ஒரு சந்தோஷம் பொங்குகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டாள். அந்தச் சனிக்கிழமை டெப்ட்ஃபோர்ட் சந்தையில் எலுமிச்சை நிறத்தில் ஒரு கவுன் வாங்கினாள்.

ஞாயிறன்று பிரிஸ்டலில் பாட்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வழியில் போலீஸ்காரர்கள் வேனை நிறுத்தி எல்லாரையும் இறக்கி, பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பினார்கள். அதுகூட மார்வாவை அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மதியக் கூட்டத்தில் அவள் பாடியதைக் கேட்டு ஒரு கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

பாட்டு முடிந்து, ஹாலின் பின்முற்றத்தில் நல்ல வெயில். கிளென்ராய் வேனின் படியில் உட்கார்ந்து இறைச்சிப் பஃப் தின்றுகொண்டிருந்தான். மார்வா எதிரே போய் நின்றாள்.

"டாரெட் என்னைப் பாக்க வந்தா."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "எதுக்கு?"

"நம்ம பாட்டை வந்து கேட்டிருக்கா. நீ பாடும்போது என்னைப் பாக்குற பார்வை பொய் கிடையாதுன்னா." அவள் இன்னும் ஓரடி கிட்டத்தில் வந்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது கிளென். நீ வாயால சொல்லவே வேணாம். ஆமான்னு தலையாட்டினாப் போதும்."

அவன் அவளைப் பார்த்தான். இப்போது அவள் கண்ணாடி போட்டிருந்தாள். அந்த முகத்தில் குழப்பம்தான் இருந்தது; பிறகு, மெல்ல, இரக்கம் வந்தது. இரக்கம் வராமலிருந்திருக்கலாம்.

"மார்வா... நான் உன் கண்ணைப் பாக்குறதே இல்ல."

"என்ன?"

"யார் கண்ணைப் பாத்தாலும் எனக்குப் பாட்டு வரி மறந்துரும். ரூபன்தான் சொல்லிக் கொடுத்தார், நெத்தியைப் பாரு, கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கிறவங்களுக்குக் கண்ணைப் பாக்குற மாதிரியே இருக்கும்னு. உனக்கு நெத்தி நடுவுல சின்னம்மை வடு ஒண்ணு இருக்கே, மிளகு மாதிரி. அதைத்தான் பாப்பேன். அதைப் பாத்துக்கிட்டே தாளத்தை எண்ணுவேன்."

"எப்போலேருந்து?"

"ரெக்கார்ட் பண்ணின அன்னிலேருந்தே."

ஹாலுக்குள் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மார்வாவின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. அன்றைக்கு அந்த நிலவறையில், எல்லாம் நன்றாக இருந்த அந்த நாளிலேயே, அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கோவமா?" என்றான் அவன்.

"இல்ல. பஃப் ஆறிடும், சாப்பிடு."

சாயங்காலம் மறுபடி மேடை ஏறினாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. ரூபன் ஓரத்திலிருந்து கையால் ஜாடை காட்டினார். அவள் கவனிக்காததுபோல் இருந்தாள். கிளென்ராய் கையை நீட்டினான், விரலைக் கொடுத்தாள், எதிரே வந்து நின்றாள். அவன் பார்வை அவள் கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றிருந்தது. எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது! எப்படி இத்தனை மாதமாக இதைக் காணாமல் இருந்தோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தொண்டை அதன் வேலையைச் செய்தது. இன்னொரு தடவை என்று கூட்டம் தரையைக் காலால் உதைத்தது. இன்னொரு தடவையும் பாடினார்கள்.

திரும்பும் வழியில் ரூபனிடம் இனி வரமாட்டேன் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மஃப்ளரைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதோடு முடியவில்லை. டாரெட் பதிலுக்குக் காத்திருந்தாள். மார்வா அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனாள், இணைப்புக் கொடுத்தாள், வீட்டுக்கு வந்தாள். ஒன்றும் சொல்லாமலிருந்தால் போதும். டாரெட் மூட்டையைக் கட்டிக்கொண்டு லீட்ஸுக்குப் போய்விடுவாள். அவன் தனியாகிவிடுவான். தனியாகிவிட்ட ஆண் எங்கே போவான்? அதுவரை நினைப்பாள். அதற்கு மேல் நினைக்கத் தெம்பிருக்காது. வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு பாவமா என்று சபையில் முழங்காலில் நின்று கேட்டுப் பார்த்தாள். பதில் தெரிந்துதான் கேட்டாள்.

பெக்கம் அறை மூன்றாவது மாடியில். கிளென்ராய் வேலைக்குப் போயிருந்தான். மண்ணெண்ணெய் அடுப்பின் மணம். சுவரெல்லாம் மஞ்சள், சீராக, ஒரு திட்டுகூட இல்லாமல் அடித்திருந்தான். கட்டிலின் மேல் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதில் பாதிவரை குழந்தைத் துணி.

"பெட்டியைக் காலி பண்ணு" என்றாள் மார்வா, உட்காராமலே. "அவன் என்னைப் பாக்கல. என் நெத்தியைப் பாக்குறான். ரூபன் சொல்லிக் கொடுத்த வித்தை. பாட்டு மறந்துராம இருக்கிறதுக்கு. இங்க பாரு, இந்த வடு. இதைத்தான்."

டாரெட் கிட்டத்தில் வந்து பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதையா?"

"அதையேதான். அவனே சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே. என்கிட்ட அவனுக்கு ஒண்ணும் இல்ல டாரெட். எப்பவும் இருந்ததான்னே எனக்கு இப்போ சந்தேகம்."

டாரெட்டின் முகம் மலர்ந்தது. மறைக்கத்தான் பார்த்தாள், பாவம். உதட்டைக் கடித்தாள், கீழே குனிந்தாள். ஆனால் மழை விட்ட தெருவில் வெளிச்சம் வருவதுபோல அது வந்துகொண்டேயிருந்தது. கிளென்ராய் சொன்னதைக் கேட்டபோதுகூட அழாத மார்வா, அந்த முகத்தைப் பார்த்ததும் உடைந்துபோனாள். டாரெட் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுததில் குழந்தை விழித்து அதுவும் சேர்ந்துகொண்டது.

"உன் முடி என்னடி இப்படிக் கிடக்கு?" என்றாள் டாரெட் கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சியபடி. "உக்காரு. பின்னிவிடறேன்."

"இன்னிக்கு வேணாம்."

"அப்போ என்னிக்கு?"

"தெரியல. சொல்லியனுப்பறேன்" என்றாள் மார்வா. சொல்லியனுப்பவில்லை. இருவருக்கும் இடையில் விரோதம் ஒன்றும் இல்லை. சபையில் பார்த்தால் நின்று பேசிக்கொள்வார்கள். முடியை மட்டும் வேறொரு கடையில் பின்னிக்கொண்டாள்.

ரூபன் கேட்ஃபோர்டிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து மார்வாவின் இடத்தில் நிறுத்தினார். நல்ல குரல், பார்க்கவும் அழகு. ஜனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அவளையும் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கத்தினார்கள். ரெக்கார்டில் மட்டும் மார்வாதான் இருந்தாள். அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

கோடையில் பிராக்லியில் ஒரு கல்யாணம். சபை ஹாலில் மத்தியான விருந்து, ஆட்டுக்கறி, சோறு, ரம் ஊறிய கறுப்புக் கேக். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட ஆரம்பிக்க அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். யாரோ அடையாளம் கண்டு, "மார்வா இருக்காங்க, மைக்கைக் கொடுங்க!" என்றார்கள். அவள் வாய் நிறையச் சோறு இருப்பதாக ஜாடை காட்டித் தப்பித்தாள். அப்போது மணப்பெண்ணின் மாமா, புது ஷூ கிறீச்சிட, வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். ஜமைக்காவிலிருந்து கல்யாணத்துக்காகவே வந்தவர். பாட்டு யாருடையது என்று அவருக்குத் தெரியாது. மறுக்க மனம் வரவில்லை. எழுந்து போனாள்.

மாமா ஆடிக்கொண்டே பேசினார். இந்த ஊர்க் குளிர், இந்த ஊர் மீனின் ருசியின்மை, தன் முட்டிவலி. அவர் பேச்சுக்கு மேலே அவளுடைய குரல் ஹால் முழுக்க நிறைந்து, கதவு சாத்தலை, தள்ளிப் பாரு என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு நம்பிச் சொல்கிறாள் அந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டே மார்வா கேட்டாள். கேட்கக் கேட்க அவள் தலை மாமாவின் கோட்டில் சாய்ந்தது. கோட்டு நனைந்தது.

மாமா பதறி நின்றார். "ஐயையோ, காலை மிதிச்சுட்டேனாம்மா?"

"ஆமா அங்கிள்" என்றாள் மார்வா. "கொஞ்சம்."

"புது ஷூ பாரு, சனியன். உக்காந்துக்கறியா?"

"வேணாம். ஆடுங்க."

அவர் அப்புறம் பேசவில்லை. காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து, மிகவும் ஜாக்கிரதையாக ஆடினார்.